நானோ மருந்து கேள்வி-பதில்: எலிக்கு வேலை செஞ்சா நமக்கும் செய்யுமா?

ஒரே கேள்வியை பல பேர் கேட்டிருந்தா அதை ஒண்ணா சேர்த்துட்டேன். ரிப்போர்ட் அனுப்பி "இந்த மருந்து எங்க அப்பாவுக்கு குடுக்கலாமா"ன்னு கேட்டவங்களுக்கு இங்க பதில் கிடையாது, அதை அவரைப் பார்க்கற டாக்டர்கிட்டயே கேளுங்க. பொதுவா மருந்து எப்படி வேலை செய்யுதுங்கறதை மட்டும் பேசுவோம். நானோ மருந்துன்னா, மருந்தை கண்ணுக்குத் தெரியாத ரொம்பக் குட்டித் துகளா செஞ்சோ, அப்படி ஒரு துகளுக்குள்ள அடைச்சோ கொடுக்கறது; நானோமீட்டர்ங்கறது ஒரு மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு.

மேடம், "கேன்சர் செல்லை மட்டும் தேடிப்போய் அழிக்கும் நானோ துகள், பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சாதனை"ன்னு மாசா மாசம் நியூஸ் வருது. அப்புறம் ஏன் ஆஸ்பத்திரியில இன்னும் அதே பழைய கீமோ?

நியூஸ் பெரும்பாலும் பொய் இல்லங்க. என்ன ஒண்ணு, "எலி"ங்கற வார்த்தை நாலாவது பாராவுலதான் வரும், அதுக்குள்ள நாம ஷேர் பண்ணிடுவோம்.

முதல்ல இந்த "தேடிப்போய்"ங்கறதை மறந்துடுங்க. துகளுக்கு கண்ணும் கிடையாது காலும் கிடையாது, ரத்தம் எங்க இழுத்துட்டு போகுதோ அங்க போகும். அப்புறம் எப்படி கட்டிக்குள்ள சேருதுன்னா, 1986-ல ஜப்பான்ல குமமோட்டோ பல்கலைக்கழகத்துல மட்சுமுரா, மயேடான்னு ரெண்டு பேர் ஒண்ணு கவனிச்சாங்க. கேன்சர் கட்டி அவசர அவசரமா வளர்றதால அதோட ரத்தக்குழாய் சுவர் ஒழுங்கா இருக்காது, அங்கங்க இடைவெளி இருக்கும், பெரிய மூலக்கூறுகூட அது வழியா கசிஞ்சு உள்ள போயிடும். உள்ள போனதை வெளிய வடிக்கறதுக்கு நிணநீர் பாதையும் அங்க சரியா இருக்காது, அதனால அங்கயே தங்கிடும். இந்த ஒரு கவனிப்பை நம்பித்தான் அடுத்த 30 வருஷம் உலகம் பூரா லேப்ல துகள் துகளா செஞ்சு தள்ளினாங்க.

சிக்கல் எங்கன்னா, லேப் எலிக்கு கட்டியை நாமதான் ஊசி போட்டு வளர்க்கறோம். 20 கிராம் எலிக்கு அரை கிராம் கட்டின்னா, அது 60 கிலோ ஆளுக்கு ஒன்றரை கிலோ கட்டி இருக்கற மாதிரி! சில வாரத்துல வளர்ந்ததால ஓட்டையும் ஜாஸ்தி. மனுஷனுக்கு வர்ற கட்டி பல வருஷமா மெதுவா வளர்ந்தது, ஒருத்தருக்கு இருக்கற மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது, ஒரே கட்டியிலயே ஒரு ஓரம் கசியும் இன்னொரு ஓரம் கசியாது.

2016-ல கனடாவுல டொரண்டோ பல்கலைக்கழகத்துல வாரன் சான் டீம் அதுக்கு முந்தின 10 வருஷத்து பேப்பர்களை எல்லாம் எடுத்து வெச்சு கணக்கு போட்டாங்க. ஊசியில ஏத்தின துகள்ல எவ்வளவு கட்டிக்கு போய் சேர்ந்துச்சு? நடு மதிப்பு 0.7 சதவீதம். 100-க்கு ஒண்ணுகூட இல்ல. அதுவும் எலியில! இந்தத் துறையில இருக்கறவங்க நிறைய பேருக்கு அந்த பேப்பர் மேல கோபம், கணக்கு போட்ட முறையே தப்புன்னு சண்டை போட்டாங்க, ஆனா என்னைக் கேட்டா இந்தத் துறைக்கு நடந்த நல்ல காரியத்துல அதுவும் ஒண்ணு. 2020-ல அதே டீம் இன்னொரு குண்டு போட்டாங்க: துகள் ஓட்டை வழியாவே பெருசா போகல, ரத்தக்குழாய் செல்லே அதை வாங்கி அந்தப் பக்கம் தள்ளிவிடுது, 97 சதவீதம் வரைக்கும் அப்படித்தான்னு. 30 வருஷ விளக்கத்துலயே கை வெச்சுட்டாங்க.

கட்டிக்கு போகாத மீதி துகள் எல்லாம் எங்க போகுது? பெரும்பங்கு கல்லீரல், அப்புறம் மண்ணீரல். கல்லீரல் ஒரு டோல்கேட் மாதிரி, ரத்தத்துல வர்ற வேத்துப் பொருள் எதுவா இருந்தாலும் அங்க நின்னுதான் ஆகணும், அங்க இருக்கற குப்ஃபர் செல்கள் பிடிச்சு முழுங்கிடும். இது போதாதுன்னு, துகள் ரத்தத்துல இறங்கின உடனே ரத்தத்துல இருக்கற புரதம் எல்லாம் அது மேல ஒட்டிக்கும். கேன்சர் செல்லை அடையாளம் பார்க்கறதுக்குன்னு நாம மேல கஷ்டப்பட்டு ஒட்டின ஆன்டிபாடி அந்தப் புரதத்துக்கு அடியில மறைஞ்சு போயிடும்.

எம்ஐடி, ஹார்வர்ட் ஆளுங்க ஆராய்ச்சியில இருந்து கிளம்பின பைண்ட் தெரப்யூட்டிக்ஸ்ங்கற கம்பெனி, குறி வெச்சுப் போற துகள்னு பெரிய எதிர்பார்ப்போட வந்தது, மனுஷ டிரையல்ல எதிர்பார்த்த ரிசல்ட் வராம 2016-ல திவால் மனு போட்டுச்சு. மூளை இல்லாதவங்க செஞ்சதில்ல அது, இந்தத் துறையில டாப்ல இருக்கறவங்க.

அம்மாவுக்கு லைபோசோமல் டாக்சோரூபிசின் போடலாம்னு சொல்றாங்க. சாதா டாக்சோரூபிசினை விட விலை ரொம்ப அதிகம். காசுக்கு ஏத்த மாதிரி கேன்சரை நல்லா அழிக்குமா?

நல்ல கேள்விம்மா, பதில் கொஞ்சம் ஏமாத்தமா இருக்கும், ஆனா தெரிஞ்சுக்கணும்.

சாதா டாக்சோரூபிசின்னா கீமோ வார்டுல எல்லாரும் "சிவப்பு மருந்து"ன்னு சொல்வாங்களே அதுதான். கேன்சருக்கு பிரமாதமான மருந்து, ஆனா இதயத்தை பலவீனமாக்கும், அதனால ஒரு ஆயுசுக்கு இவ்வளவுதான்னு மொத்த டோஸுக்கு வரம்பு வெச்சிருக்காங்க. ஜெருசலேம்ல பேரன்ஹோல்ஸ், கபிசான்னு ரெண்டு பேர் இந்த மருந்தை கிட்டத்தட்ட 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்பு உருண்டைக்குள்ள அடைச்சாங்க, லைபோசோம்னு சொல்றது இந்த உருண்டையைத்தான். உள்ள அம்மோனியம் சல்ஃபேட் வெச்சா மருந்து தானா உள்ள போய் படிகமா உறைஞ்சு மாட்டிக்கும், வெளிய பெக்னு ஒரு பாலிமர் பூச்சு குடுத்தா கல்லீரல் உடனே பிடிக்காது, ரெண்டு நாளுக்கு மேலயும் ரத்தத்துல சுத்திக்கிட்டே இருக்கும். 1995-ல அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி தர்ற அரசு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது, அங்க அனுமதி வாங்கின முதல் நானோ மருந்து அதுதான், பேர் டாக்சில்.

இதயத்துல இருக்கற ரத்தக்குழாய்ல அவ்வளவு இடைவெளி கிடையாது, அதனால உருண்டை அங்க சுலபமா நுழையாது. லாபமே அதுதான். பரவின மார்பகப் புற்றுநோய்ல ரெண்டையும் ஒப்பிட்டு 2004-ல வந்த பெரிய டிரையல்ல, நோயைக் கட்டுப்படுத்தறதுல ரெண்டும் கிட்டத்தட்ட சமம், இதய பாதிப்பு லைபோசோம்ல நல்லாவே குறைவு. ஆக, "நல்லா அழிக்குமா"ன்னு கேட்டா அவ்வளவு வித்தியாசம் இல்ல, "அம்மா இதயம் தாங்குமா"ன்னு கேட்டா வித்தியாசம் இருக்கு. வயசு, ஏற்கனவே எடுத்த கீமோ, எக்கோ ரிப்போர்ட் எல்லாம் பார்த்துத்தான் டாக்டர் சொல்லியிருப்பாங்க, எதுக்காக இதை தேர்ந்தெடுத்தீங்கன்னு தயங்காம கேளுங்க.

உருண்டை கை கால் தோல்ல போய் தேங்கறதால உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து எரிஞ்சு தோல் உரியறது இதுல அதிகம். போட்ட சில நாளைக்கு சுடுதண்ணி, இறுக்கமான செருப்பு, துணி கையால பிழியறது எல்லாம் வேண்டாம். இன்னொண்ணு, பேர் ஒண்ணா இருக்குன்னு சாதா மருந்தும் இதுவும் மாத்தி மாத்தி போடற விஷயமே கிடையாது, டோஸ் கணக்கே வேற.

விலைக்கு ஒரு சின்ன தகவல். 2012-ல அமெரிக்காவுல டாக்சில் தட்டுப்பாடு வந்தப்ப, நம்ம ஊர் சன் ஃபார்மா தயாரிச்ச லிப்போடாக்ஸை இறக்குமதி பண்ண எஃப்டிஏவே தற்காலிகமா அனுமதிச்சது. அதனால இந்தியாவுல கிடைக்கற ஜெனரிக்கை மட்டமா நினைக்காதீங்க, எந்தெந்த பிராண்ட் இருக்கு, விலை என்னன்னு விசாரிங்க.

நாங்க போட்டுக்கிட்ட கொரோனா தடுப்பூசியில நானோ துகள் இருக்குன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

கோவிஷீல்டு, கோவாக்சின் போட்டவங்களுக்கு இல்ல. முதல்ல சொன்னது அடினோவைரஸ்ங்கற வேற ஒரு வைரஸை வண்டியா வெச்சு செஞ்சது, ரெண்டாவது கொன்ன வைரஸ். அமெரிக்கா, சிங்கப்பூர்ல இருக்கற உங்க பசங்க ஃபைசரோ மாடர்னாவோ போட்டிருந்தா அவங்களுக்கு ஆமா, ஆனா அது சிப்பும் இல்ல உலோகமும் இல்ல, நாலு வகை கொழுப்பு. அந்த தடுப்பூசியில சரக்கு எம்ஆர்என்ஏ, அதாவது எந்த புரதத்தை செய்யணும்னு செல்லுக்கு சொல்ற குறிப்பு. அதை வெறுமனே ஊசியில போட்டா உடம்பு நொடியில துண்டு துண்டாக்கிடும், அதை மூடி செல்லுக்குள்ள கொண்டு போறதுக்குத்தான் அந்த கொழுப்பு உருண்டை. அதுல ஒரு கொழுப்புக்கு ரத்தத்துல மின்னேற்றம் கிட்டத்தட்ட இருக்காது, செல்லுக்குள்ள அமிலமான பைக்குள்ள போனதும் நேர்மின்னேற்றம் வந்து பை சுவரைக் கிழிச்சு சரக்கை வெளிய கொட்டும். அழகான கெமிஸ்ட்ரி!

இதுக்கு பின்னாடி வான்கூவர்ல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து பீட்டர் கல்லிஸ் மாதிரி ஆளுங்களோட பல வருஷ உழைப்பு இருக்கு. அதே வழியில 2018-லயே பட்டிசிரான்னு ஒரு ஆர்என்ஏ மருந்து அனுமதி வாங்கிடுச்சு. அந்த மருந்து வேலை செய்ய வேண்டிய இடமே கல்லீரல்தான் பாருங்க, கேன்சர்ல தொல்லையா இருந்த கல்லீரல் இங்க வரமாயிடுச்சு. 2023 நோபல் கரிக்கோவுக்கும் வைஸ்மனுக்கும் எம்ஆர்என்ஏ குறிப்புல எழுத்து மாதிரி இருக்கற வேதிப்பொருளை மாத்தினதுக்காகத்தான் கிடைச்சது, கொழுப்பு உருண்டைக்காக இல்ல. எனக்கு அதுல கொஞ்சம் மனத்தாங்கல்.

கருப்பு பூஞ்சை வந்தப்ப ஒரு ஊசிக்கு ஊரே அலைஞ்சோமே, அதுவும் நானோதானா?

ஆமா, லைபோசோமல் ஆம்ஃபோடெரிசின் பி, பூஞ்சையைக் கொல்ற மருந்து. சாதா ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தை அடிச்சுடும், குளிர் நடுக்கம் வேற. கொழுப்புல அடைச்சா அது குறையும், அதனால அதிக டோஸ் தாங்கலாம். கிலோவுக்கு 5 மில்லிகிராம்னா 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம், 50 மில்லிகிராம் குப்பி 6, அதுவும் வாரக்கணக்குல. 2021 மே மாசம் திடீர்னு அத்தனை பேருக்கு நோய் வந்தா எந்த ஃபாக்டரி தாங்கும்? மாவு அரைக்கற மாதிரி நேத்து ஆர்டர் போட்டு இன்னைக்கு எடுக்க முடியாது, கொழுப்பு சுத்தமா இருக்கணும், சைஸ் ஒரே மாதிரி வரணும், ஸ்டெரைலா இருக்கணும்.

அதிகம் பேர் பேசாத கதை ஒண்ணு இருக்கு. பீகார்ல காலா அசார்ங்கற ஒட்டுண்ணி நோய்க்கு பழைய மருந்தை ஒரு மாசம் கிட்ட ஆஸ்பத்திரியில இருந்து ஏத்திக்கணும். இந்த லைபோசோம் மருந்தை கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரே ஒரு தடவை போட்டா போதும்னு பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்து ஷியாம் சுந்தர் குழு 2010-ல காட்டினாங்க, 100-க்கு 95 பேர் குணம். காலா அசார்ல ஒட்டுண்ணி தங்கற இடமே கல்லீரல், மண்ணீரல்ல இருக்கற முழுங்கி செல்கள்தான், மருந்து தானா அங்கதான் போய் சேரும். கூலி வேலைக்கு போறவங்களுக்கு ஒரு மாச சம்பளம் மிச்சம். நானோ மருந்தோட பெரிய வெற்றி எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன்.

தங்க பஸ்பம் நானோ மருந்துதான், சித்தர்கள் அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்கன்னு சொல்றாங்களே?

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பார்த்தா பஸ்பத்துல நானோ அளவு தங்கத் துகள் தெரியுது, அது உண்மைதான், பேப்பர்லயே வந்திருக்கு. ஆனா சைஸ் சின்னதா இருந்தா மட்டும் மருந்தாயிடாது, விறகு புகையிலயும் நானோ துகள் இருக்கு. ஒவ்வொரு தடவை புடம் போடும்போதும் அதே சைஸ் வருதா, உடம்புல எங்க போகுது, எவ்வளவு கொடுத்தா யாருக்கு குணமாச்சு, இதுக்கு பதில் வேணும். சித்தர்களை குறை சொல்லல, இன்னைக்கு பாட்டில்ல விக்கறவரைத்தான் கேக்கறேன். 2004-ல பாஸ்டன் பக்கம் கடைகள்ல வாங்கின 70 ஆயுர்வேத பொருட்களை சோதிச்சப்ப 14-ல ஈயம், பாதரசம், ஆர்செனிக் இதுல ஏதாவது இருந்துச்சு. கீமோ எடுக்கறவங்க எதை சாப்பிட்டாலும் டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

தங்கத் துகளை மனுஷங்ககிட்ட முறையா சோதிச்சதும் உண்டு. அமெரிக்காவுல ரைஸ் பல்கலைக்கழகத்துல நவோமி ஹாலஸும் ஜெனிஃபர் வெஸ்டும் தங்கப் பூச்சு போட்ட சிலிகா துகள் செஞ்சாங்க. அங்க தங்கம் மருந்தே இல்ல, லேசர் அடிச்சா சூடாகி கட்டியை வேக வைக்கும். புராஸ்டேட் கேன்சர்ல 16 பேர்கிட்ட செஞ்ச சோதனை 2019-ல வெளிவந்துச்சு. 16 பேர்தான், அதையும் கவனிங்க.

இந்த துகள் எல்லாம் உடம்புலயே தங்கிடுமா?

எதனால செஞ்சதுங்கறதைப் பொறுத்தது. கொழுப்புன்னா உடம்பே உடைச்சுக்கும். பிஎல்ஜிஏ மாதிரி பாலிமர்னா கரைஞ்சு லாக்டிக் அமிலம், கிளைகாலிக் அமிலமா போயிடும். தங்கம் மாதிரி கரையாதது 5, 6 நானோமீட்டருக்கு கீழ இருந்தா சிறுநீர்ல போகும், பெருசா இருந்தா கல்லீரல்ல ரொம்ப நாள் உட்காரும். உலோகத் துகளுக்கு அனுமதி கிடைக்க கஷ்டமா இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மேடம், நான் கெமிக்கல் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். நானோ மெடிசின்ல ஆராய்ச்சி பண்ண ஆசை, ஆனா பயாலஜி சுத்தமா தெரியாது. எம்பிபிஎஸ் படிச்சவங்கதான் வர முடியுமா?

தம்பி, இந்தத் துறையே உன்னை மாதிரி ஆளுங்க கட்டினதுதான். ராபர்ட் லாங்கர் எம்ஐடியில 1974-ல கெமிக்கல் இன்ஜினியரிங்ல டாக்டரேட் முடிச்சாரு. கூடப் படிச்சவங்க எண்ணெய் கம்பெனிக்கு போனப்ப, இவர் பாஸ்டன்ல குழந்தைகள் ஆஸ்பத்திரியில ஜூடா ஃபோக்மன்ங்கற சர்ஜன்கிட்ட போய் சேர்ந்தாரு. பெரிய மூலக்கூறை பாலிமருக்குள்ள வெச்சு மெதுவா வெளிய விட முடியாதுன்னு எல்லாரும் சொன்னதை 1976-ல செஞ்சு காட்டினாங்க. அதுக்கப்புறமும் ஆராய்ச்சிக்கு நிதி (கிராண்ட்) கேட்டா வரிசையா ரிஜெக்ட்தான். நீ படிக்கற மாஸ் டிரான்ஸ்ஃபர், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ரியாக்‌ஷன் கைனெடிக்ஸ் மூணும் அப்படியே இங்க வேணும், எம்ஆர்என்ஏ தடுப்பூசி துகளை செய்யறதே ஆல்கஹால்ல கரைச்ச கொழுப்பையும் தண்ணியில இருக்கற ஆர்என்ஏவையும் குறுகின குழாய்ல வேகமா கலக்கித்தான், அது உன் பாடம்.

மருந்துதான் வேணும்னும் இல்ல. ஐஐடி மெட்ராஸ்ல பிரதீப் சாரோட குழு இதே நானோ துகளை வெச்சு குடிதண்ணியில பூச்சிமருந்து, ஆர்செனிக் எடுக்கற ஃபில்டர் செஞ்சு ஊருக்குள்ள கொண்டு வந்திருக்காங்க.

பயாலஜிக்கு உடலியல் புக்ல ரத்த ஓட்டம், கல்லீரல், சிறுநீரகம், நோய் எதிர்ப்பு நாலு சாப்டர் போதும் இப்போதைக்கு. அப்புறம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு துகள் செஞ்சா, தண்ணியில வெச்சு சைஸ் அளந்து போஸ்டர் அடிச்சுடாத. சீரத்துல, அதாவது ரத்தம் உறைஞ்சதுக்கப்புறம் மிஞ்சற புரதம் நிறைஞ்ச திரவத்துல போட்டு 37 டிகிரியில ஒரு நாள் விட்டுட்டு திரும்ப அளந்து பாரு, அப்பவும் 100 நானோமீட்டர்லயே நின்னுச்சுன்னா எனக்கு எழுது, யாரைப் போய் பார்க்கணும்னு சொல்றேன்.