பம்பரில் பெயின்ட் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வியாசர்பாடியில் சின்னதாக ஒரு டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். தகட்டில் அடிக்கிற பெயின்ட் வருஷக்கணக்கில் நிற்கிறது. அதையே பம்பரில் அடித்தால் மூன்று மாதத்தில் தோல் மாதிரி உரிந்து வருகிறது. நல்ல கம்பெனி பெயின்ட்தான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் அடிக்கிறேன். பிளாஸ்மா மெஷின் வாங்கினால் சரியாகும் என்கிறார்கள். வாங்கலாமா?
– பட்டறைக்காரர், வியாசர்பாடி

பதில்: முதலில் அந்தப் பம்பரைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள் அண்ணே. எங்காவது ஒரு மூலையில் ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கும். பி.பி. என்று தொடங்கினால் அது பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக், பெரும்பாலான கார் பம்பர் இந்த வகைதான். ஏ.பி.எஸ். என்கிற வேறு வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால் உங்கள் பிரச்சினை பாதி தீர்ந்தது, அதைச் சுத்தமாகத் துடைத்து லேசாகத் தேய்த்தாலே பெயின்ட் பிடித்துக்கொள்ளும், கடுமையான தின்னரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், மேலே மயிரிழை மாதிரி விரிசல் விழும்.

பி.பி.தான் அடம் பிடிக்கிற ஆள். ஒரு சொட்டுத் தண்ணீரை அதன் மேல் விட்டுப் பாருங்கள், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி குண்டாகத் திரண்டு நிற்கும். அதையே நன்றாகத் துடைத்த கண்ணாடியில் விட்டால் பரவி ஓடும். பெயின்டும் ஒரு திரவம்தானே, பரவினால்தான் பிடிக்கும். இந்தப் பரவ விடுகிற குணத்தை டைன் என்று ஒரு அளவில் சொல்வார்கள். பி.பி.யின் மேற்பரப்பு 30 டைன் அளவில்தான் இருக்கும், பெயின்ட் ஒழுங்காக ஒட்ட அது சுமார் 40-க்குப் போக வேண்டும். காரணம், பி.பி.யில் இருப்பது வெறும் கார்பனும் ஹைட்ரஜனும். பெயின்ட் கைகோத்துக்கொள்ள அங்கே ஆக்சிஜன் கொண்ட ஒரு பிடி கிடையாது. உப்புத்தாள் போட்டால் கீறல் விழும், மேலே பூனை முடி மாதிரி நார் எழும்பும், ஆனால் அந்தக் குணம் மாறாது. அதனால்தான் எவ்வளவு தேய்த்தும் உரிகிறது.

பிளாஸ்மா அந்தப் பிடியைத்தான் உண்டாக்குகிறது. மின்சாரத்தால் காற்றையோ ஆக்சிஜனையோ அணு அணுவாக உடைத்து, எலக்ட்ரானும் அயனியுமாகக் கொதிக்கிற நிலைக்குக் கொண்டுவந்து பிளாஸ்டிக் மேல் பாய்ச்சுவார்கள். மேலே இருக்கிற கார்பன் – ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து, அந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து உட்காரும். மாறுவது மேலே சில நானோமீட்டர்தான், கண்ணுக்கு எதுவும் தெரியாது, பொருளின் பலமும் குறையாது. இது நமக்குப் புதிதும் இல்லை. காலையில் வீட்டு வாசலுக்கு வருகிற பால் பாக்கெட்டில் ஐஸ் தண்ணீர் பட்டும் எழுத்து அழியாமல் நிற்கிறதே, அந்தப் பாலித்தீன் உறைக்கும் அச்சடிக்கும் முன்னால் இதே குடும்பத்தைச் சேர்ந்த கொரோனா என்கிற மின்வீச்சைக் கொடுத்திருப்பார்கள்.

ஆனால் நீங்கள் மெஷின் வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஒரே மாதிரிப் பொருளை ஆயிரக்கணக்கில் ஓட்டுகிற தொழிற்சாலைக்கு அது லாபம். உங்களுக்குத் தினம் ஒரு வண்டி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். பெயின்ட் கடையில் பிளாஸ்டிக் பிரைமர் என்று கேளுங்கள், பாலிபுரொப்பிலீனுக்கு ஆகுமா என்று டப்பாவைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். பி.பி.யின் குடும்பத்தைச் சேர்ந்த, குளோரின் சேர்த்த பாலிஓலிஃபின் அதில் இருக்கும், அதுதான் பி.பி.க்கும் பெயின்டுக்கும் நடுவே தரகர் வேலை பார்க்கிறது. இதை மெல்லிசாக ஒரு கோட் அடிக்க வேண்டும். நிறைய அடித்தால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்து நான் தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தபோது ஸ்கூட்டர் மட்கார்டில் கெட்டியாக ஏற்றினேன். முதல் மழையிலேயே பிரைமரே நடுவில் இரண்டாகப் பிளந்து வந்தது, அந்தப் படலம் இன்னும் நினைவில் இருக்கிறது, அடிப்பக்கம் பளபளவென்று, மேல்பக்கம் சொரசொரவென்று.

சிலர் கேஸ் அடுப்புத் தீயை நீல நிறத்தில் வைத்து பம்பர் மேல் சட்டென்று ஓட்டுவார்கள். அதுவும் ஆக்சிஜனை ஏற்றத்தான், வேலையும் செய்யும். ஆனால் தின்னர் டப்பாவும் பெயின்ட் வாசனையும் நிறைந்த ஒரு ஷெட்டுக்குள் தீயைக் கொண்டுவருவதை நான் சொல்லித் தர மாட்டேன். பையன்கள் வேலை செய்கிற இடம் அது.

கேள்வி: இரத்த பிளாஸ்மாவும் இந்த பிளாஸ்மாவும் ஒன்றா?
– கல்லூரி மாணவி, ராயபுரம்

பதில்: பெயர் மட்டும்தான் ஒன்று. 1928-இல் அமெரிக்க அறிவியலாளர் இர்விங் லாங்முயர் மின்னேற்றம் பெற்ற வாயுவுக்கு இந்தப் பெயரை வைத்தார். மின்னலும் டியூப் லைட்டுக்குள் இருப்பதும் இதுதான்.

கேள்வி: மணலி பக்கம் மோல்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் மூடிகளை வெளியே ஜாப் வொர்க் கொடுத்து பிளாஸ்மா செய்து வாங்கினேன். முதல் நாள் அடித்ததில் பெயின்ட் நன்றாக நின்றது, அதே லாட்டில் பத்து நாள் கழித்து அடித்தது உரிந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
– சிறுதொழில் நடத்துபவர்

பதில்: முதல் நாள் நின்றிருக்கிறது என்றால் அவர்கள் வேலையைச் செய்திருக்கிறார்கள். பிளாஸ்மா போட்ட பரப்பு அப்படியே இருக்காது. மேலே ஏறிய ஆக்சிஜன் கண்ணிகள் மெல்ல உள்பக்கம் திரும்பிக்கொள்ளும், பிளாஸ்டிக்குக்குள் கலந்திருக்கிற எண்ணெய்ப் பசையான சேர்க்கைகள் மேலே கசிந்து வரும். வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் இன்னும் வேகமாக நடக்கும். இதற்கு மேல், வெறும் கையால் எடுத்து அடுக்கியிருந்தால் கை எண்ணெய் ஒட்டியிருக்கும். பொருள் ஒட்டாமல் வர மோல்டில் சிலிக்கோன் ஸ்பிரே அடிக்கிற ஆள் பக்கத்தில் நின்றாலே போதும், அந்தத் துளி காற்றில் வந்து உட்காரும். முடிந்தால் வந்த அன்றைக்கே, இல்லை மறுநாள் அடித்துவிடுங்கள், அதுவரை சுத்தமான கவரில் மூடி நிழலில் வையுங்கள், கையுறை இல்லாமல் தொட விடாதீர்கள். நிறைய நேரம் பிளாஸ்மா கொடுக்கச் சொல்லியும் கேட்காதீர்கள், அளவு மீறினால் மேல் தோல் துண்டு துண்டாக உடைந்து தூசி மாதிரி நிற்கும், பெயின்ட் அந்தத் தூசியைப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து கழன்று வரும்.

சரி, எப்படிச் சோதிப்பது? டைன் பேனா கிடைக்கிறது. 40 போட்ட பேனாவால் ஒரு கோடு இழுங்கள், இரண்டு நொடி கோடாகவே நின்றால் சரி, சொட்டுச் சொட்டாகச் சுருங்கினால் அந்த லாட்டைத் திருப்பி அனுப்புங்கள். அப்புறம் பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு, புது பிளேடால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு, பிளாஸ்டிக்கைத் தொடும்வரை கீறுங்கள். இருபத்தைந்து குட்டிக் கட்டம் வரும். பிரஷ்ஷால் தட்டிவிட்டு, டேப்பை ஒட்டி நகத்தால் அழுத்தி, ஒரே இழுப்பில் எடுங்கள். டேப்பை வெள்ளைத் தாளில் ஒட்டிப் பார்த்தால் எத்தனை கட்டம் வந்திருக்கிறது என்று தெரியும். ஒன்றுகூட வரக்கூடாது. ஒவ்வொரு லாட்டிலும் பத்து மூடிக்கு இப்படிச் செய்து, அந்தத் தாளைத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஜாப் வொர்க்காரரிடம் பேசும்போது கையில் இருக்கட்டும்.