வாசகர் கேள்வி – பதில்: டீபக்கில் ஓடும் நிரல் ரிலீஸில் ஏன் விழுகிறது?

கேள்வி: சி மொழியில் நான் எழுதிய நிரல் ஒன்று, ஓர் அமைப்புக் கோப்பைத் திறந்து வரி வரியாகப் படிக்கிறது. பிழை தேடுவதற்கான டீபக் பில்டில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. பயனர்களுக்குத் தருவதற்கான ரிலீஸ் பில்டில் தொடங்கியவுடனே கிராஷ் ஆகிவிடுகிறது. கோப்பு திறந்ததா என்பதை, நிபந்தனை பொய்யானால் செய்தி காட்டி நிரலை நிறுத்தும் அசர்ட் கொண்டு சோதித்திருந்தும் எந்தச் செய்தியும் வரவில்லை. வேகத்துக்காக நிரலைச் செப்பனிடும் கம்பைலரின் ஆப்டிமைசேஷனில் பிழை இருக்குமா?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: கம்பைலரைச் சந்தேகிப்பதற்கு முன், நீங்கள் அனுப்பிய நிரலில் கோப்பைத் திறக்கும் வரியைப் பாருங்கள். அசர்ட்டின் அடைப்புக்குறிக்குள்ளேயே கோப்பைத் திறக்கும் எஃப்ஓப்பனை அழைத்து, அது தரும் பாயின்டரை மாறியில் இட்டு, அது நல் (வெற்றுப் பாயின்டர்) அல்ல என்றும் அங்கேயே சோதித்திருக்கிறீர்கள். திறப்பதும் சோதிப்பதும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. சிக்கலும் அந்த வரியில்தான் இருக்கிறது.

அசர்ட் என்பது ஃபங்ஷன் அல்ல, மேக்ரோ. அதன் தலைப்புக் கோப்பை இன்க்ளூட் செய்யும் இடத்தில் என்டீபக் (NDEBUG) என்ற பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால், அசர்ட் எதையும் செய்யாத வெற்றுக் கூற்றாக மாறிவிட வேண்டும் என்பது 1989-இல் வெளிவந்த சி தரநிலையிலிருந்தே உள்ள விதி. இந்த மாற்றம், கம்பைலருக்கு முன்பே மேக்ரோக்களை விரித்து எழுதும் பிரீபிராசசர் கட்டத்திலேயே நடந்துவிடுவதால், அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியது எதுவும் கம்பைலரின் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே ரிலீஸ் பில்டில் உங்கள் நிரல் கோப்பைத் திறக்கத் தவறவில்லை. திறக்க முயலவே இல்லை. தொடக்க மதிப்புக் கொடுக்கப்படாத அந்த மாறியில் ஏதோ ஒரு குப்பை மதிப்பு இருக்க, அதை வரியைப் படிக்கும் எஃப்கெட்ஸிடம் கொடுத்ததும் நிரல் விழுகிறது.

என்டீபக்கை நான் எங்கும் எழுதவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். விஷுவல் ஸ்டுடியோ உருவாக்கித் தரும் சி++ புராஜெக்டுகளின் ரிலீஸ் அமைப்பில் அது முன்பே இடம்பெற்றிருக்கும். பில்டை அமைக்கும் கருவியான சிமேக்கும் ரிலீஸ் வகையைத் தேர்ந்தெடுத்தால் அதைத் தானாகச் சேர்த்துவிடும். ஆனால் ஜிசிசி கம்பைலரை நேரடியாக அழைத்து, ஆப்டிமைசேஷனை மட்டும் உயர்த்தினால் என்டீபக் வராது. அசர்ட்டுகள் அப்படியே உயிரோடு இருக்கும். ஆப்டிமைசேஷன் என்பது ஒன்று, நிபந்தனையின்படி வரிகளைச் சேர்ப்பதும் நீக்குவதும் வேறொன்று. ரிலீஸ் என்ற ஒரே பெயருக்குள் இரண்டும் சேர்ந்து வருவதால்தான் ஒன்றின் பழி மற்றொன்றின் மேல் விழுகிறது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆப்டிமைசேஷனை முற்றிலும் அணைத்து, என்டீபக்கை மட்டும் வரையறுத்து ஒரு முறை கம்பைல் செய்யுங்கள். அப்போதும் நிரல் விழுந்தால், ஏதோ ஓர் அசர்ட்டுக்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று ஒளிந்திருக்கிறது என்று கொள்ளலாம். மாறாக, ஆப்டிமைசேஷனை ஏற்றும்போது மட்டும் விழுந்தால், மதிப்பிடப்படாத மாறி, வரிசையின் எல்லையைத் தாண்டிய அணுகல் போன்ற பிழைகளைத் தேட வேண்டும். அதற்கு ஜிசிசி, கிளாங் கம்பைலர்களில் உள்ள, நிரல் ஓடும்போதே பிழைகளைப் பிடிக்கும் சானிடைசர்கள் பெரிதும் உதவும். உங்கள் நிரலில் இருப்பது முதல் வகை.

திருத்தம் எளிது. எஃப்ஓப்பனைத் தனி வரியில் அழையுங்கள். ஆனால் அதன் விளைவைச் சோதிப்பதற்கும் அசர்ட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோப்பு இல்லாமற்போவது நிரலை எழுதியவரின் தவறு அல்ல. பயன்படுத்துபவரின் கணினியில் எந்த நாளிலும் நிகழக்கூடியது அது. அதைச் சாதாரண இஃப் கொண்டு சோதித்து, புரியும்படி ஒரு செய்தியைக் காட்டி, ஒழுங்காக வெளியேற வேண்டும். நிரல் சரியாக எழுதப்பட்டிருந்தால் ஒருபோதும் நடக்கவே கூடாதவற்றுக்கு மட்டுமே அசர்ட் உரியது. ரஸ்ட் மொழி இந்த வேறுபாட்டைப் பெயரிலேயே காட்டுகிறது: அங்கே அசர்ட் என்பது ரிலீஸிலும் நிற்கும், டீபக் அசர்ட் என்று தனியாக எழுதப்படுவது மட்டும், வேறு ஏற்பாடு செய்யாதவரை, ரிலீஸில் நீங்கிவிடும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில், லாக் எழுதும் வரி ஒவ்வொன்றையும் டீபக்குக்கான இஃப்டெஃபுக்குள் (ஒரு பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும் வரிகளைச் சேர்க்கும் பிரீபிராசசர் கட்டளைக்குள்) அடைத்து வைக்கிறோம். இது நல்ல பழக்கம்தானா?
– மென்பொருள் பணியாளர் ஒருவர்

பதில்: ஒன்றிரண்டு இடங்களில் தவறில்லை, எல்லா இடத்திலும் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இஃப்டெஃப் விலக்கிய வரிகளை கம்பைலர் பார்க்காது என்பதால், யாரேனும் ஒரு மாறியின் பெயரை மாற்றினால் ரிலீஸ் பில்ட் எந்தப் புகாரும் இல்லாமல் முடிந்துவிடும்; பல நாள் கழித்து டீபக் பில்டுக்குத் திரும்புபவர்தான் பிழைச் செய்திகளின் நடுவே அகப்பட்டுக்கொள்வார். லினக்ஸ் கெர்னலின் நிரல் எழுதும் நெறி இதற்கு நல்ல வழி காட்டுகிறது. சி கோப்புகளுக்குள் இத்தகைய நிபந்தனைகளை இயன்றவரை தவிர்த்து, தலைப்புக் கோப்பில் ஒன்றும் செய்யாத மாற்று ஃபங்ஷனை வைக்கச் சொல்கிறது; அது இயலாத இடத்தில், ஒரு வசதி இயக்கப்பட்டுள்ளதா என்பதை மாறிலியாகத் தரும் இஸ்எனேபிள்டு (IS_ENABLED) என்ற மேக்ரோவைச் சாதாரண இஃப் கூற்றுக்குள் எழுதச் சொல்கிறது. நிபந்தனை பொய்யான மாறிலி என்று தெரிந்ததும் கம்பைலர் அந்தப் பகுதியைத் தூக்கி எறிந்துவிடும். ஆனால் எறிவதற்கு முன் இலக்கணத்தையும் வகைகளையும் சரிபார்த்துவிடும். ஓட்ட வேகத்தில் இழப்பு ஒன்றும் இல்லை.

சி# மொழியில் பணிபுரிபவர்களுக்கு, மெத்தடின் மேல் இடும் குறிப்பான கண்டிஷனல் ஆட்ரிபியூட் கிடைக்கிறது. அதை இட்ட மெத்தட் எப்போதும் கம்பைல் ஆகும். டீபக் சின்னம் வரையறுக்கப்படாத இடங்களில் அதற்கான அழைப்புகள் மட்டும் நீங்கும். இங்கேயும் கவனம் தேவை, ஏனெனில் அழைப்போடு அதன் ஆர்கியுமென்டுகளும் மதிப்பிடப்படாமல் போகின்றன. பட்டியலிலிருந்து ஓர் உறுப்பை நீக்கும் ரிமூவ் அழைப்பை, இந்த ஆட்ரிபியூட் இடப்பட்ட டீபக் டாட் அசர்ட்டுக்குள் எழுதினால், ரிலீஸில் அந்த உறுப்பு பட்டியலிலேயே தங்கிவிடும். முந்தைய கேள்வியில் கண்ட அதே பொறிதான் இது.

சி, சி++ எழுதுபவர்கள் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. தலைப்புக் கோப்பிலுள்ள ஸ்ட்ரக்சரில், டீபக்கின்போது மட்டும் இருக்கும் ஓர் உறுப்பை வைக்காதீர்கள். லைப்ரரி ஒரு விதமாகவும், அதைப் பயன்படுத்தும் நிரல் வேறு விதமாகவும் கம்பைல் ஆனால், அந்த உறுப்புக்குப் பின்னால் உள்ளவை எல்லாம் நினைவகத்தில் இடம் மாறிவிடும். கம்பைல் ஆன பகுதிகளை இணைக்கும் லிங்கர் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்ளாது. ஒருவர் எழுதிய மதிப்பை மற்றவர் வேறு இடத்தில் போய்ப் படிப்பார்.

கேள்வி: ஜாவாவில் இஃப்டெஃப் இல்லையே, அங்கே என்ன செய்வது?
– வாசகர் ஒருவர்

பதில்: ஸ்டாட்டிக் ஃபைனல் பூலியன் ஒன்றை ஃபால்ஸ் என்று வைத்து, அதை இஃப் கூற்றில் பயன்படுத்தினால், ஜாவா கம்பைலரான ஜாவாசி அந்தப் பகுதிக்கு பைட்கோடு எழுதாமல் விட்டுவிடும். அந்த மாறிலியின் மதிப்பு, அதைப் பயன்படுத்தும் மற்ற கிளாஸ் கோப்புகளுக்குள்ளும் நேரடியாகப் பதிந்துவிடுவதால், மதிப்பை மாற்றினால் அவற்றையும் மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும். 2002-இல் வந்த 1.4 பதிப்பிலிருந்து ஜாவாவிலும் அசர்ட் உண்டு. ஆனால் அது கம்பைல் செய்யும்போது நீக்கப்படுவதில்லை. ஓடும்போது அணைந்த நிலையில் இருக்கிறது. ஜாவா கட்டளையோடு இஏ (-ea) என்ற ஆப்ஷனைக் கொடுத்தால், ஒரே கிளாஸ் கோப்பிலேயே அந்தச் சோதனைகள் விழித்துக்கொள்ளும்.