ஓட்டும் இடமும்: பிரிட்டன் தேர்தல் கேள்வி-பதில்

இந்த முறையும் பாதிப் பேர் தொகுதிப் பெயரைப் போடாமல்தான் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். பிரிட்டனில் நடப்பது ஒரு தேர்தல் இல்லை, தொகுதிக்கு ஒன்றாக 650 தேர்தல். தொகுதி தெரியாமல் நான் என்ன சொல்ல?

கே: 2024-இல் மக்கள் லேபர் கட்சிக்குத் திரண்டு வந்து போட்டார்கள் என்கிறார்களே?

எங்கே திரண்டார்கள்? லேபர் வாங்கியது சுமார் 97 லட்சம் ஓட்டு, 34 சதவீதம்கூட இல்லை. படுதோல்வி கண்ட 2019-இல் இதைவிட ஐந்து லட்சத்துக்கு மேல் அதிகமாக வாங்கியிருந்தது. அப்போது 202 இடம், 2024-இல் 411. டோரி, அதாவது கன்சர்வேடிவ் கட்சியின் ஓட்டை ரிஃபார்ம் என்ற வலதுசாரிக் கட்சி பிய்த்துக்கொண்டு போனது, டோரிக்குப் போட்டுப் பழகிய பலர் வீட்டைவிட்டே கிளம்பவில்லை, அவ்வளவுதான் விஷயம். தென்மேற்கு நார்ஃபோக்கில் முன்னாள் டோரி பிரதமர் லிஸ் டிரஸ் 2019-இல் 26 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர், 2024-இல் 630 ஓட்டில் தோற்றார். அவரைத் தோற்கடித்த லேபர் வேட்பாளர் வாங்கியது வெறும் 27 சதவீதம்.

கே: நான் ஒருத்தன் போடாவிட்டால் என்ன ஆகிவிடும்?

ஹெண்டனில் 2024 முடிவு 15 ஓட்டு வித்தியாசம். நீங்கள் எந்தத் தொகுதி?

கே: இந்தியப் பாஸ்போர்ட்தான் இருக்கிறது. ஓட்டு உண்டா?

உண்டு. விசாவோடு முறையாக வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்கு உண்டு, இலங்கைக்கும் சேர்த்துத்தான். ஆனால் பெயர் தானாகப் பட்டியலில் ஏறாது, நீங்கள்தான் பதிவு செய்யவேண்டும், தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்பே. சாவடிக்குப் படம் போட்ட அடையாளமும் வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டே போதும்.

கே: வாக்குப்பதிவு குறைந்தால் டோரிக்கு லாபம், சரிதானே?

இந்தச் சூத்திரத்தை எத்தனை முறை அடித்தாலும் எழுந்து வருகிறது. 2001-இல் 59 சதவீதம், 2024-இல் 60. இரண்டிலும் லேபர் அமோக வெற்றி. 1992-இல் 78 சதவீதம், ஜெயித்தது டோரி. மொத்த சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, எங்கே குறைந்தது என்று பாருங்கள். 2024-இல் மான்செஸ்டர் ரஷோம் தொகுதியில் 40 சதவீதம்தான், ஹார்பெண்டன் பக்கம் 75. இதுவும் பதிவு செய்தவர்களில்தான், பதியாதவர்கள் கணக்கிலேயே இல்லை.

கே: 'இங்கே லேபர் ஜெயிக்க முடியாது, எங்களுக்கே போடுங்கள்' என்று, ஓட்டு சதவீதத்தைப் பட்டைகளாகக் காட்டும் படம் போட்ட நோட்டீஸ் வந்தது. நம்பலாமா?

ஐயா, இந்த நோட்டீஸ்கள் மேல் எனக்குப் பல வருடக் கோபம். எனக்கு ஒருமுறை வந்ததில் 19 சதவீதப் பட்டை 35 சதவீதப் பட்டையின் தோள் வரைக்கும் நின்றது! எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை, எல்லோரும் செய்கிறார்கள். கவுன்சில் தேர்தல் எண்ணை நாடாளுமன்றத் தேர்தல் எண் மாதிரி காட்டுவார்கள், இல்லையென்றால் நாடு முழுக்க எடுத்த கருத்துக்கணிப்பை உங்கள் தெருவுக்குப் பொருத்துவார்கள், ஆதாரம் பொடி எழுத்தில் இருக்கும். போதாததற்கு 2024-க்கு முன் பெரும்பாலான தொகுதிகளின் எல்லையே மாறிவிட்டது, பழைய எண் அப்படியே பொருந்தாது.

பிடிக்காத கட்சியைத் தோற்கடிக்க, அங்கே ஜெயிக்கக்கூடிய வேறு கட்சிக்குப் போடும் டாக்டிக்கல் ஓட்டே பொய் என்று நான் சொல்லவில்லை. டோரியை லிபரல் டெமாக்ரட் கட்சி தோற்கடித்த செஷம்-அமர்ஷம் இடைத்தேர்தலில், 2021-இல், லேபருக்கு விழுந்தது 622 ஓட்டு. அதற்கு முந்தைய தேர்தலில் 13 சதவீதம் வாங்கிய கட்சி அது. 2022 ஜூன் 23-இல் வேக்ஃபீல்ட் இடைத்தேர்தலில் லேபர் ஜெயித்தது, லிபரல் டெமாக்ரட்டுக்கு டெபாசிட் போச்சு. அதே நாள் டிவர்ட்டனில் லிபரல் டெமாக்ரட் ஜெயித்தது, லேபருக்கு டெபாசிட் போச்சு. 2010-இல் 23 சதவீத ஓட்டுக்கு 57 இடம் வாங்கிய லிபரல் டெமாக்ரட், 2024-இல் 12 சதவீதத்துக்கே 72 வாங்கியதில் இதற்கும் பங்கு உண்டு. சரி, ஆனால் வடக்கு ஷ்ராப்ஷயரில் 2019-இல் இரண்டாவது வந்தது லேபர், இரண்டு வருடம் கழித்து இடைத்தேர்தலில் ஜெயித்ததோ லிபரல் டெமாக்ரட். ஆக, போன முறை இரண்டாவது யார் என்பதும் முழு விடை இல்லை. நோட்டீஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, உங்கள் தொகுதியின் உண்மையான முடிவைத் தேடிப் படியுங்கள், எல்லை மாறியதா என்றும் பாருங்கள்.

கே: ஓட்டு சதவீதத்துக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறை எப்போது வரும்?

2011-இல், வேட்பாளர்களை வரிசைப்படுத்தி ஓட்டுப் போடும் சின்ன மாற்றம் ஒன்றைப் பொது வாக்கெடுப்பில் கேட்டதற்கே 68 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அது விகிதாசாரம்கூட இல்லை.

கே: நான் ஹாரோ கிழக்கு. 2024-இல் எல்லோரும் டாக்டிக்கலாகப் போட்டிருந்தால் டோரி தோற்றிருக்குமா?

தொகுதிப் பெயர் எழுதிய புண்ணியவானே, நன்றி. தோற்றிருக்காது. டோரி ஒருவர் பாதிக்கு மேல் வாங்கிய ஒரே தொகுதி உங்களுடையது, 53 சதவீதம். மற்ற எல்லோரும் ஒரே ஆளுக்குப் போட்டிருந்தாலும் 47தான்.