கட்டுரைகளைப் பாடமாக்கவா?

கேள்வி: ரீச்சர், உயர்தரம் தமிழ் மொழிமூலம் எழுதினேன். கனடாவில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எடுக்கவேண்டும். அகடமிக்கா, ஜெனரலா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் போகும் வகுப்பில் ஒரு கட்டுக் கட்டுரைகளைத் தந்து பாடமாக்கச் சொல்லியிருக்கிறார்கள். பாடமாக்கவா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: மகள், பட்டப்படிப்புக்கு என்றால் அகடமிக். ஜெனரல் ட்ரெய்னிங் பெரும்பாலும் குடியேறப் போகிறவர்களுக்கு. கேட்டலும் பேச்சும் இரண்டிலும் ஒன்றுதான். வாசிப்பும் எழுத்தும் வேறு. காசு கட்ட முதல், சேர நினைக்கும் பல்கலைக்கழகம் எந்தப் பகுதிக்கு எத்தனை பாண்ட் (அந்தப் பரீட்சையின் புள்ளி) கேட்கிறது என்று பாருங்கள். மொத்தம் 6.5 இருந்தும் எழுத்தில் 5.5 என்றபடியால் இடம் கிடைக்காமல் போகலாம்.

அந்தக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாடமாக்கிய எழுத்தைப் பரீட்சகர்கள் இலேசாகக் கண்டுபிடிப்பார்கள், அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். 'நகரத்துக்குள் கார்களைத் தடைசெய்யலாமா' என்று கேட்டிருக்க, சூழல் மாசு பற்றிப் பாடமாக்கியதை இறக்கிவைத்தால் கேள்விக்குப் பதில் இல்லை என்றுதான் புள்ளி விழும். எழுத்துக்கு 60 நிமிடம், இரண்டு கேள்வி. முதலாவதில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ 150 சொல்லுக்குக் குறையாமல் விவரிக்க வேண்டும். இரண்டாவது 250 சொல் கட்டுரை; அதற்கு இரண்டு மடங்கு புள்ளி. ஆகவே முதலாவதை 20 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். நம் பிள்ளைகள் பலர் அந்த வரைபடத்திலேயே அரை மணித்தியாலத்தைக் கரைத்துவிட்டு, கட்டுரையைப் பாதியில் விடுவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை.

பேச்சும் அப்படித்தான். 11 முதல் 14 நிமிடம், நேருக்கு நேர். நடுவில் ஒரு அட்டை தந்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம்வரை பேசச் சொல்வார்கள். 'ஒரு திருவிழாவைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று வந்தால் லண்டன் கிறிஸ்மஸ் எதற்கு? கொழும்பு காலி வீதியால் ஆடிவேல் விழாத் தேர் வருவதைச் சொல்லுங்கள். யார் இழுத்தார்கள், எங்கே நின்று பார்த்தீர்கள், அம்மா என்ன சொன்னா? கண்ணால் கண்டதைச் சொல்லும்போது சொல் தானாக வரும். உச்சரிப்பு வெள்ளைக்காரர்போல இருக்கத் தேவையில்லை, விளங்கினால் போதும்.

கேட்டலில் 40 கேள்வி, ஒலிப்பதிவு ஒரே தடவைதான். முதல் பகுதியில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள், தொலைபேசி எண் சொல்வார்கள். சொன்னதை உடனே திருத்தியும் சொல்வார்கள். ஏ, ஈ, ஐ (A, E, I) மூன்றிலும் தடுமாறாமல் இருக்க, தம்பியையோ தங்கையையோ தினமும் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிச் சொல்லவிட்டு எழுதிப் பழகுங்கள். வாசிப்பிலும் 40தான்: மூன்று நீண்ட பகுதிகள், 60 நிமிடம். பிழைக்குப் புள்ளி கழிக்கமாட்டார்கள், அதனால் ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள்.

அப்புறம், பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். எந்தத் தவணையில் சேரப்போகிறீர்கள் என்று தீர்மானித்துவிட்டுத் திகதி எடுங்கள்.