வியட்நாம், அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே பேராசிரியர் பரிமாற்றம் எப்படி வந்தது? பணம் யார் கொடுத்தார்கள்?

இரு நாடுகளும் தூதரக உறவை மீட்டது 1995 ஜூலையில். ஆனால் அமெரிக்க அரசின் கல்விப் பரிமாற்றத் திட்டமான ஃபுல்பிரைட் அதற்கு முன்பே, 1992-லேயே வியட்நாமில் தொடங்கிவிட்டது. தூதர்களுக்கு முன்னால் படிப்பாளிகள் போய்வந்தார்கள் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகப் படுகிறது.

பணத்தின் கதை இன்னும் சுவாரசியம். பழைய தென் வியட்நாம் அரசு அமெரிக்காவிடம் வாங்கியிருந்த கடனை, 1997-ல் ஹனோய் அரசு ஏற்றுக்கொண்டது. சுமார் 14.5 கோடி டாலர். தோற்றுப்போன எதிரியின் கடனை வென்றவர் அடைப்பது! அந்தத் தவணைகளிலிருந்து ஆண்டுக்கு 50 லட்சம் டாலரைக் கல்விக்கே திருப்பிவிட, 2000-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதில் பிறந்ததுதான் வியட்நாம் கல்வி அறக்கட்டளை. முக்கியமாக அறிவியல், பொறியியல் படிக்க வியட்நாம் மாணவர்களை அனுப்பியது. அப்புறம் அமெரிக்கப் பேராசிரியர்களை அங்கே பாடம் நடத்தவும் வைத்தது.

சரி, போனவர்களுக்கு நடைமுறையில் என்ன சிக்கல்? பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் குடும்பப் பெயர் முதலில் வரும். கூப்பிடுவது கடைசியில் வரும் சொந்தப் பெயரைச் சொல்லி. அங்கிருந்து அமெரிக்கா போகும் ஆசிரியர் திடீரென ‘புரொபசர் நுயென்’ ஆகிவிடுகிறார். அவர் நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அதே குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைச் சுமந்துபோகும் நம் ஆட்களுக்கு இந்தச் சங்கடம் சொல்லாமலே புரியும்.