விலை கேட்ட பெண்கள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொரியாவின் யூ குவான்சுன் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஜப்பானிய ஆட்சிக்கு எதிரான 1919 மார்ச் எழுச்சியில் குதித்து, மறு ஆண்டே சிறையில் உயிரைவிட்ட அந்த மாணவியை மறக்க முடியவில்லை. ஆனால் கொரியாவின் ஜெஜூ தீவில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்துப் பிழைப்பு நடத்திய பெண்களையும் அவருடன் ஒரே வரியில் சேர்த்திருக்கிறீர்கள். அவர்கள் கேட்டது சரக்குக்கு நியாயமான விலைதானே? அதை விடுதலைப் போராட்டம் என்று சொல்லலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தாராளமாகச் சொல்லலாம். அந்த விலையை வைத்தது யார் என்று பாருங்கள். ஹேன்யோ எனப்படும் அப்பெண்கள் மூச்சடக்கி எடுத்துவரும் சிப்பிகளுக்கும் கடற்பாசிக்கும் நல்ல விலை கிடைக்கத்தான் 1920-இல் ஒரு சங்கம் உருவானது. பிறகு தீவை ஆண்ட ஜப்பானிய அதிகாரியே அதற்குத் தலைவரானார். சங்கம் கைகாட்டும் வியாபாரிக்குத்தான் விற்க வேண்டும், அவர் சொன்னதுதான் விலை. முறையிடப் போனாலும் அதே அதிகாரியிடம்தான் போக வேண்டும். அங்கே விலையைக் கேள்வி கேட்பதென்றால் ஆட்சியையே கேள்வி கேட்பதுதான்.

ஹாதோ கிராமத்து இரவுப் பள்ளியில் இந்தப் பெண்கள் கொரிய எழுத்தோடு தராசு முள்ளைப் படிக்கவும் கற்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. எடையில் ஏமாற்றப்படுவதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடிந்தவர்களை அதற்குப் பிறகு யாரால் அடக்க முடியும்?

1932 ஜனவரி 12, அதே தீவின் செஹ்வா ஊரில் சந்தை நாள். பூ சுன்ஹ்வா, கிம் ஒக்ரியோன், பூ தொக்ரியாங் ஆகியோர் முன்னால் நிற்க, களைக்கொட்டும் சிப்பி நெம்பும் கம்பியுமாக வந்த பெண்கள் அந்த அதிகாரியின் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் கோரிக்கைக்குப் பதில் வாள் என்றால் நாங்கள் உயிரைக் கொடுத்துப் பதில் சொல்வோம் என்றார்கள். அவர் வாக்குறுதி கொடுத்துத் தப்பினார். அடுத்து வந்தது போலீஸ். அந்த மூவரும் சிறைக்குப் போனார்கள்.

பியோங்யாங்கின் காங் ஜூரியோங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். இளவயதில் கணவரோடு மஞ்சூரியாவில் விடுதலைப் படையில் இருந்தவர். 1931 மே மாதம், ரப்பர் ஆலையில் கூலியைக் குறைத்தபோது உல்மில்தே மண்டபத்தின் கூரைமேல் ஏறி அமர்ந்து பேசினார். போலீஸ் பிடித்துச் சென்ற பிறகு உண்ணாவிரதம் இருந்தார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவருடைய எந்த நாளை விடுதலைக் கணக்கில் எழுதுவீர்கள், எந்த நாளைக் கூலிக் கணக்கில் எழுதுவீர்கள்? தென்கொரிய அரசு 2007-இல் அவரை விடுதலை வீரராகவே கௌரவித்தது. எழுபத்தைந்து ஆண்டுத் தாமதம் என்பதுதான் என் வருத்தம்.