கியூ.எல்.இ.டி. டிவிக்குள் நீல வெளிச்சம்: ஸ்ட்ரிப்பை மாற்றும் முன்

கேள்வி: நகரியில் டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஒலி மட்டும் வந்து படம் தெரியாத 55 அங்குல கியூ.எல்.இ.டி. டிவி ஒன்று வந்தது. பேக்லைட் ஸ்ட்ரிப்பை (திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் எல்.இ.டி. பட்டையை) டெஸ்டரில் வைத்துப் பார்த்தபோது சில எல்.இ.டி.கள் எரியவில்லை, எரிந்தவையும் நீலமாக இருந்தன. பாஸ்பர் (எல்.இ.டி.யின் மேல் உள்ள, ஒளியின் நிறத்தை மாற்றும் பூச்சு) போய்விட்டது என்று எண்ணி, சென்னை ரிச்சி தெருவில் வெள்ளை ஸ்ட்ரிப் வாங்கி வந்து மாட்டினேன். இப்போது படம் முழுக்க மஞ்சள் அடிக்கிறது. உள்ளே மஞ்சளாக இருக்கும் ஷீட்டை எடுத்துவிடலாமா? அதில் காட்மியம் உண்டு என்கிறார்களே, தொடலாமா?

பதில்: ஷீட் இருக்கட்டும், வெள்ளை ஸ்ட்ரிப்பைக் கழற்றுங்கள். நீங்கள் பார்த்த நீலம் பழுது அல்ல. அந்த டிவிக்கு நீல ஸ்ட்ரிப்தான் வேண்டும்.

சாதாரண எல்.இ.டி. டிவியிலும் அடிப்படை வெளிச்சம் நீலம்தான். எல்.இ.டி.யின் மேல் உள்ள மஞ்சள் பாஸ்பர் அதை வெள்ளையாக்குகிறது. பாஸ்பர் கெட்டால் திரை நீலமாகவோ ஊதாவாகவோ மாறும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதுவும் அப்படியே தோன்றியிருக்கிறது. கியூ.எல்.இ.டி.யில் நிறம் பிறப்பது எல்.இ.டி.யில் அல்ல, அந்த ஷீட்டில். அதற்குள் சில நானோமீட்டர் அளவே உள்ள குறைக்கடத்திப் படிகங்கள் பரவியிருக்கின்றன. இவற்றைக் குவாண்டம் புள்ளிகள் என்கிறோம். சுமார் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை விழுங்கி, பச்சையாகவும் சிவப்பாகவும் வெளியிடுகின்றன. விழுங்கப்படாமல் தப்பி வரும் நீலமும் சேர்ந்தால் வெள்ளை.

பொருள் ஒன்றே, அளவு மாறினால் நிறம் மாறுகிறது. வீணைத் தந்தியின் நீளம் குறையக் குறையச் சுருதி ஏறுவதுபோல, புள்ளிக்குள் எலக்ட்ரான் அடைபட்டிருக்கும் இடம் சுருங்கச் சுருங்க வெளிவரும் ஒளியின் ஆற்றல் கூடுகிறது. காட்மியம் செலினைடு புள்ளி ஏறக்குறைய 3 நானோமீட்டர் இருந்தால் பச்சை, 6 இருந்தால் சிவப்பு. இதைக் கண்டறிந்து வளர்த்தெடுத்த எக்கிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவில் உருவாக்கும் வழியை 1993இல் பவெண்டி குழு கண்டிராவிட்டால் இந்த டிவியே இல்லை. அளவு கலந்தால் நிறமும் கலங்கிவிடும்.

இனி உங்கள் மஞ்சளுக்கு வருவோம். வெள்ளை ஸ்ட்ரிப்பில் நீலத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டது. மிச்ச நீலத்தையும் ஷீட் விழுங்கினால் மஞ்சள்தானே மிஞ்சும்? ஷீட்டை எடுத்தால் படம் ஓரளவு சரியாகத் தோன்றலாம். ஆனால் வாடிக்கையாளர் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய நிறச் செழுமை போய்விடும். அவரிடம் சொல்லாமல் அதைச் செய்வது நியாயமல்ல.

இனிமேல் சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை செய்யலாம். இருட்டறையில் நீல எல்.இ.டி.யின் மேல் ஷீட்டைப் பிடியுங்கள். ஒளியைப் பரப்பிவிடும் வெறும் டிஃப்யூசர் என்றால் நீலம் நீலமாகவே வரும். குவாண்டம் புள்ளி ஷீட் என்றால் நிறம் வெளுக்கும். முழு வெள்ளை வராது. டிவிக்குள் அதன் மேல் இருக்கும் ப்ரிஸம் ஷீட்டுகள் ஒளியைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பும்போதுதான் அது நிறைவாகும். சில டிவிகளில் ஷீட்டிலேயே பாஸ்பர் இருக்கும். அதற்கும் நீல ஸ்ட்ரிப்தான். எரியும் ஸ்ட்ரிப்பை மட்டும் நேராக உற்றுப் பார்க்காதீர்கள்.

புதிய ஸ்ட்ரிப் வாங்கும்போது நிறத்தோடு எல்.இ.டி. எண்ணிக்கை, ஒவ்வொரு எல்.இ.டி.யும் 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்பது, பழைய ஸ்ட்ரிப்பின் பார்ட் நம்பர் ஆகியவற்றையும் ஒப்பிடுங்கள். ஷீட்டுகளின் வரிசையும் பக்கமும் மாறக்கூடாது. கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. பெரிய ஷீட்டை வெட்டிச் சிறிய டிவிக்குப் போடவே போடாதீர்கள். ஈரமும் ஆக்சிஜனும் புள்ளிகளைக் கெடுக்கும் என்பதால்தான் அவற்றை இரண்டு தடுப்புப் படலங்களுக்கு நடுவே வைத்திருக்கிறார்கள். வெட்டிய விளிம்பு வழியாகக் காற்று புகுந்தால், நாளடைவில் திரையின் ஓரம் நீலமாகும்.

காட்மியம் பற்றிய கவலை நியாயமானது. அது நச்சு உலோகம். ஆனால் இன்று பல நிறுவனங்கள் இண்டியம் பாஸ்பைடு புள்ளிகளைப் பயன்படுத்துகின்றன. சாம்சங் 2015 முதலே காட்மியம் இல்லாத புள்ளிகளுக்கு மாறிவிட்டது. எந்த வகையானாலும் முழு ஷீட்டைக் கையால் எடுத்து வைப்பதில் பயமில்லை. கிழிப்பது, உரசுவது, எரிப்பது மூன்றும் கூடாது. கெட்டுப்போன ஷீட்டைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாமல், பழைய போர்டுகளோடு மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.